பொலோன்யாவின் குப்பிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் ஓவியப் பக்கத்தில் இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டியின் (1890–1964) படம் ஒன்றை அச்சிட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியைக் குப்பி, கூஜா, தகர டப்பா ஆகியவற்றை வரைவதிலேயே கழித்தவர் என்று நான்கு வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கை நான் எதிர்பாராதது. பாதிக் கடிதங்களில் கோபமும் இருந்தது. ஆகவே இம்முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த ஒரு மனிதரைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐம்பது ஆண்டுகளாக அதே குப்பிகளை மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தவரைப் பெரிய ஓவியர் என்கிறீர்கள். இதைக் கற்பனை வறட்சி என்று ஏன் சொல்லக்கூடாது?
— வாசகர், திருநெல்வேலி

சொல்லலாம். அச்சில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் கணக்கில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மொராண்டிக்கு வேறு வழிகள் தெரியாமலிருக்கவில்லை. தம் ஊரான பொலோன்யாவின் ஓவியக் கல்லூரியில் 1907 முதல் 1913 வரை பயின்ற அவர், பிரெஞ்சு ஓவியர் செசானின் ஓவியங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளின் வழியாகவே அறிந்து, அவற்றிலிருந்து கற்றுக்கொண்டார். 1914இல், வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றிய இத்தாலியக் கலைஞர்களான எதிர்காலவாதிகளோடு சேர்ந்து தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் தெ கீரிகோ, கார்லோ கர்ரா ஆகியோரின் ‘மெய்ம்மை கடந்த’ ஓவியப் பாணியில், துணிக்கடைப் பொம்மையின் தலையும் பெட்டியும் கோலும் கனவில் வருவதுபோல் நிற்கும் படங்களை வரைந்தார். அவை நல்ல படங்கள். அந்தப் பாதையிலேயே சென்றிருந்தால் விரைவாகப் புகழ் கிடைத்திருக்கும். 1920 வாக்கில் அதிலிருந்து விலகி ரொட்டித் துண்டுக்கும் மண்சாடிக்கும் திரும்பிவிட்டார். கற்பனை இல்லாதவர் ஒன்றில் தங்கிவிடுவதும், கற்பனை இருப்பவர் அதைக் கைவிட்டு வந்து ஒன்றில் தங்குவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறானவை.

அடுத்து, ‘அதே குப்பிகள்’ என்பதைப் பற்றி. 1952இல் மஞ்சள் துணி ஒன்றைக் குப்பிகளுக்கு அருகில் வைத்து அவர் வரைந்த சில படங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் ஒரே படத்தின் இரு பிரதிகள் என்றே தோன்றும். சற்று நேரம் கழித்தே ஒன்றில் துணி முன்னுக்கு வந்து ஒரு கிண்ணத்தின் அடியை மறைப்பதும், மற்றொன்றில் குப்பியின் கழுத்துக்கும் அடுத்த சாடியின் தோளுக்கும் நடுவே தெரியும் பின்சுவர் ஒரு விரற்கடை அகன்றிருப்பதும் கண்ணில் படும். அந்த ஒரு விரற்கடை மாறியதும் படத்தின் எடை முழுவதும் இடம் மாறிவிடுகிறது. மொராண்டி வரைந்தது குப்பிகளை அன்று, குப்பிகளுக்கு நடுவே இருக்கும் இடத்தை என்று நான் சொல்வேன். பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தால் நம் கவனம் பொருளின்மேல் போகும். பொருள் மாறாதபோதுதான் இடைவெளி கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. ஆகவே ‘அதே’ என்பது அவருடைய முறைக்குத் தேவையான நிபந்தனை.

நம்மவர்கள் இந்த இடத்தில் உடனே ராக ஆலாபனையை உவமையாகக் கொண்டுவருவார்கள். ஒரு கடிதத்திலும் அது வந்திருந்தது. எனக்கு அது பாதிதான் பொருந்துகிறது. ஆலாபனை விரிந்துகொண்டே போவது. மொராண்டியின் படங்களோ ஆண்டுகள் செல்லச் செல்லக் குறுகிக்கொண்டே வந்தன: நிறங்கள் குறைந்தன, பொருள்கள் நெருங்கின, நிழல்கள் மெலிந்தன.

கேள்வி: அந்தப் பொருள்களை எங்கிருந்து சேகரித்தார்? அவை குடும்பத்தில் புழங்கியவையா? அவற்றின்மேல் அவருக்கு இருந்த பாசத்தை நினைத்தால் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பாட்டியின் பித்தளைச் சாமான்கள் நினைவுக்கு வருகின்றன.
— வாசகி, காரைக்குடி

உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது; ஆனால் மொராண்டியை அந்த வழியாக அணுகினால் தவறிவிடுவோம் என்று அஞ்சுகிறேன். பெரும்பாலானவை விலை மலிவான, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சாமான்கள்: எண்ணெய் விளக்கு, காபிக் கூஜா, மருந்துக் குப்பி, மூடியற்ற பீங்கான் கிண்ணம், ஓவல்டின் டப்பா, ஓர் உருளையின் தலையில் புனலைக் கவிழ்த்ததுபோன்ற தகரப் பாத்திரம், நெடுக்கில் வரி வரியாகச் சுருள் ஓடும் நீண்ட வெள்ளைக் குப்பி. இந்தக் கடைசிக் குப்பியைப் பத்துப் படங்கள் பார்த்தவர்கள்கூட முகம் தெரிந்த ஆளைப்போல அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவற்றை அவர் இருந்தபடியே மேசையில் வைத்து வரைந்தார் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. குப்பிகளின் மேல் ஒட்டியிருந்த காகிதச் சீட்டுகளை உரித்தெடுத்தார். டப்பாக்களின் மேலிருந்த எழுத்துகளை வண்ணம் பூசி மறைத்தார். கண்ணாடிக் குப்பிகளின் உள்ளே வண்ணத்தை ஊற்றிச் சுற்றிவிட்டு, அவை ஒளியைத் தம் வழியே ஊடுருவவிடாமலும் திருப்பியடிக்காமலும் செய்தார். இதற்குப் பிறகு அந்தக் குப்பியில் யாரும் எண்ணெய் ஊற்ற முடியாது. அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று யாரும் படிக்க முடியாது. பாட்டி வீட்டுப் பித்தளைச் செம்பை நாம் மதிப்பது அதில் யாருடைய கை பட்டது, எந்தக் கல்யாணத்தில் வந்தது என்பதற்காக. மொராண்டி அந்தக் கதைகளையே முதலில் கழுவிவிடுகிறார். பயனும் பெயரும் போன பிறகு எஞ்சும் உருவமும் நிறமும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. நாம் கண்ணால் உண்மையாகக் காண்பதைவிட அருவமானது வேறொன்றும் இல்லை என்ற கருத்தை அவர் தம் பிற்காலத்தில் வெளியிட்டதுண்டு. பூசப்பட்ட அந்தக் குப்பிகளைப் பார்த்தால் அது வெறும் பேச்சில்லை என்று விளங்கும்.

பூக்களை வரைந்தபோதும் வாடும் பூக்களைவிடப் பட்டுத் துணியிலும் காகிதத்திலும் செய்த பூக்களையே அவர் அதிகம் நாடினார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். வாடாத பூ காத்திருக்கும்.

தூசு பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அவர் அறைக்குச் சென்று திரும்பியவர்கள் பலரும் எழுதிவைத்த செய்தி அது: அடுக்குகளில் இருந்த சாமான்களின்மேல் தூசு படிந்திருக்கும், அதை யாரும் துடைப்பதில்லை. இதைச் சிலர் கவிதையாக்கிவிட்டார்கள். எனக்குத் தோன்றுவது சாதாரணமானது. தூசு படிந்தால் பளபளப்பு அடங்கும். பளபளப்பு அடங்கினால் ஒரு பரப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது நிறத்தின் நுண்ணிய வேறுபாட்டால் மட்டுமே தெரியும். வண்ணம் பூசிச் செய்த வேலையையே தூசு மெதுவாகத் தொடர்ந்தது.

கேள்வி: ‘ஸ்டில் லைஃப்’ என்பதற்குத் தமிழில் சரியான சொல் எது? இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்கிறார்கள்?
— ஓவிய ஆசிரியர், ஈரோடு

இத்தாலியர்கள் ‘நாத்தூரா மோர்த்தா’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இறந்த இயற்கை’. பிரெஞ்சிலும் அதே பொருள்தான். டச்சு மொழியில் ‘ஸ்டில்லேவன்’. அசைவற்றிருக்கும் உயிர் என்று அதைக் கொள்ளலாம். ஸ்பானிய மொழியின் ‘போதேகோன்’ என்ற சொல் சரக்கறையிலிருந்து பிறந்தது. ஒரே வகை ஓவியத்தை ஒருவர் பிணமாகவும் ஒருவர் உயிராகவும் ஒருவர் சரக்கறையாகவும் பார்த்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தமிழில் ‘நிலைப்பொருள் ஓவியம்’ என்று எழுதுகிறோம். கல்லூரி வகுப்பறையில் எல்லாரும் ‘ஸ்டில் லைஃப்’ என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் இருக்கட்டும்.

மொராண்டி தம் படங்களுக்குப் பெயர் வைக்கும் வேலையையும் விட்டுவிட்டவர். பொருள்கள் என்றால் ‘நாத்தூரா மோர்த்தா’, பூக்கள் என்றால் ‘பூக்கள்’, வெளிக்காட்சி என்றால் ‘நிலக்காட்சி’. அவர் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்கள் 1,300க்கும் மேற்பட்டவை என்பதால், ஆண்டையும் பட்டியல் எண்ணையும் சேர்க்காமல் ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதே கடினம்.

கேள்வி: துறவியைப்போல ஓர் அறைக்குள் வாழ்ந்தார் என்று படித்தேன். அரசியல் கொந்தளித்த இத்தாலியில், இரண்டு உலகப் போர்களின் நடுவே, ஒருவர் குப்பி வரைந்துகொண்டிருந்தது சரிதானா?
— வாசகர், மதுரை

துறவி என்ற சித்திரத்தில் பாதி உண்மை இருக்கிறது. தந்தை 1909இல் இறந்தபின் குடும்பம் பொலோன்யாவின் ஃபொந்தாட்சா தெருவிலுள்ள வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. தாயோடும் மணமாகாத மூன்று சகோதரிகளோடும் கடைசிவரை அதே வீட்டில்தான் அவர் வாழ்ந்தார். அவரும் மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய படுக்கையும் ஓவிய வேலையும் ஒரே அறையில். அந்த அறைக்குச் செல்லச் சகோதரிகளின் அறையைக் கடந்துதான் போகவேண்டும் என்பதால், பார்க்க வந்தவரை அழைத்துச் செல்லுமுன் அவர் கதவைத் தட்டிக் காத்திருப்பாராம். பாரிஸ் நகரை அவர் பார்த்ததே இல்லை. இத்தாலிக்கு வெளியே முதன்முதலாகக் கால் வைத்தது 1956இல், தம் ஓவியக் காட்சிக்காகச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகருக்குச் சென்றபோது. அப்போது வயது அறுபத்தாறை நெருங்கியிருந்தது. கோடைக்காலங்களில் அப்பென்னைன் மலைப்பகுதியிலுள்ள க்ரிட்சானா என்ற சிற்றூருக்குப் போவார். அந்த ஊர் 1985இல் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

மற்றப் பாதி உண்மையில்லை. 1914 முதல் தொடக்கப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தவர் அவர்; 1930 முதல் 1956 வரை தாம் படித்த கல்லூரியிலேயே எட்சிங் (உலோகத் தகட்டில் கீறி அச்செடுக்கும் ஓவிய முறை) துறைப் பேராசிரியர். உலகத்துக்கு முதுகைக் காட்டியவர் இருபத்தாறு ஆண்டுகள் வகுப்பு எடுக்கமாட்டார். பரிசுகளும் வந்தன: 1948இல் ‘பியென்னாலே’ என்னும் வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியில், 1953இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ ஈராண்டுக் காட்சியில் அச்சோவியத்துக்காக, 1957இல் அதே இடத்தில் ஓவியத்துக்கான பெரும் பரிசு. இந்தக் கடைசிப் பரிசுக்குப் போட்டியில் இருந்தவர்களில் மார்க் ஷகாலும் ஒருவர்.

அரசியலைப் பொறுத்தவரை, அவரை அப்பாவியாகக் காட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1920களில் பாசிச ஆட்சிக்கு நெருக்கமான ஓவியக் குழுக்களின் காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெற்றன. நாட்டுப்புற இத்தாலியைப் போற்றிய பத்திரிகையாளர்கள் அவரைத் தங்களவராகக் கொண்டாடினார்கள். 1928இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அந்த ஆட்சியின்மேல் நம்பிக்கை தெரிவித்தும் இருக்கிறார். பிறகு 1943இல், ஆட்சியை எதிர்த்த அறிஞர்களோடு பழகினார் என்பதற்காகச் சில நாள்கள் சிறையிலும் வைக்கப்பட்டார். முதல் உலகப் போரில் 1915இல் படைக்கு அழைக்கப்பட்டு, சில வாரங்களிலேயே நோயுற்றுத் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். இவ்வளவும் நடந்த ஒருவருடைய படங்களில் இவற்றின் சுவடு உண்டா என்று கேட்டால், இரண்டாம் உலகப் போர்க் கால நிலக்காட்சிகளில் ஓர் இறுக்கம் எனக்குத் தெரிகிறது. ஆனால் போர் தெரியாதவருக்கும் அது தெரியுமா என்று என்னால் உறுதி கூற இயலாது. குப்பி வரைந்தது சரியா என்ற கேள்விக்கு விடை அவருடைய 1928ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது, குப்பிகளில் இல்லை. நாம் குறை சொல்லவேண்டியது அவர் எழுதியதை.

கேள்வி: வீட்டில் இருக்கும் பாத்திரங்களை வைத்து நானும் நிலைப்பொருள் ஓவியம் பழகி வருகிறேன். படம் எப்போதும் பாத்திரக்கடை விளம்பரம்போல வந்துவிடுகிறது. மொராண்டியிடமிருந்து செய்முறையாக எதைக் கற்கலாம்?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

உங்கள் பிரச்சினையில் பாதி எவர்சில்வர் என்று ஊகிக்கிறேன். நானும் ஒரு காலத்தில் இரண்டு டம்ளரையும் ஒரு தூக்குவாளியையும் சன்னலோரம் வைத்துக்கொண்டு பல நாள் போராடினேன். தூக்குவாளியின் வயிற்றில் சன்னல் கம்பிகளும், எதிர்வீட்டு மாடியும், கூடவே வளைந்து நீண்ட என் முகமும் தெரிந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து முடித்தபோது வாளியைத் தவிர மற்ற எல்லாம் படத்தில் இருந்தன. மொராண்டி கண்ணாடிக்குள் வண்ணம் ஊற்றியதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. பளபளப்பவற்றை எடுத்து வைத்துவிட்டு, பீங்கான் ஜாடி, மண் சட்டி, வெள்ளையடித்த பழைய டப்பா ஆகியவற்றோடு தொடங்குங்கள்.

அடுத்தது கண்ணின் உயரம். தரையில் வைத்த பாத்திரத்தை நின்றுகொண்டு பார்த்தால் வாய்வட்டம் அகன்று தெரியும். அது எப்போதும் பாத்திரத்தின் பயனையே நினைவூட்டும், ஏனெனில் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கோணம் அது. மொராண்டி வெவ்வேறு உயரமுள்ள மேசைகளை வைத்திருந்தார். அவருடைய பல படங்களில் பொருள்கள் ஏறத்தாழ நம் கண்மட்டத்தில் நிற்கின்றன. வாய்வட்டம் மெல்லிய கீற்றாகிவிடும். குப்பிகள் தெருவில் நிற்கும் வீடுகளைப்போலவோ, படம் எடுக்க நின்ற குடும்பத்தைப்போலவோ மாறிவிடும். மேசையின் பின்விளிம்புக் கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். அவர் அதை ஏதேனும் ஒரு குப்பியின் தோளோடோ டப்பாவின் மேல்விளிம்போடோ உறவாட வைக்காமல் விட்டதில்லை.

மூன்றாவது செய்தி சற்று ஆபத்தானது. இரு பொருள்களின் விளிம்புகள் ஒரே கோட்டில் ஒட்டிக்கொள்ளும்படி வைக்காதே, எது முன், எது பின் என்று குழம்பும் என்பது வகுப்பறைப் பாடம். நானும் அப்படித்தான் சொல்லித்தருவேன். மொராண்டி வேண்டுமென்றே ஒட்டவைப்பார். ஒரு பெட்டியின் வலப்பக்க விளிம்பும் அடுத்த சாடியின் இடப்பக்க விளிம்பும் ஒரே கோடாகி, அந்தக் கோடு யாருக்குச் சொந்தம் என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போது பின்சுவரே முன்னே வந்து நிற்கும். இதை ஒரு மாதம் விதிப்படி வைத்து வரைந்து பழகியபின் செய்து பாருங்கள், முதலிலேயே வேண்டாம்.

கடைசியாக, தூரிகையை எடுக்க அவசரப்படாதீர்கள். எந்தக் குப்பிகள் எந்த விரிப்பின்மேல் சேரும் என்று முடிவு செய்யவே அவருக்கு வாரக்கணக்கில் ஆகும். மேசையில் விரித்திருந்த காகிதத்தில் ஒவ்வொரு பொருளின் அடிப்பகுதியைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். அந்தக் காகிதங்கள் இன்றும் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான வட்டங்களும் சதுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி. வண்ணம் தீட்டும் வேலையை மாறாக விரைவாக, ஈரம் காயுமுன்னே செய்து முடிப்பார். அந்தப் படங்களில் தெரியும் நடுக்கமற்ற அமைதி மேசைமேல் சம்பாதித்தது. படங்களின் அளவும் சிறியதே. பெரும்பாலானவை 30 முதல் 50 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கும் அந்த அளவு போதும்.

கேள்வி: அவர் படங்களை எங்கே காணலாம்? நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எதை முதலில் பார்க்கவேண்டும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பொலோன்யாவில்தான். அவருடைய கடைசிச் சகோதரி மரியா தெரேசா வழங்கிய ஓவியங்களைக் கொண்டு 1993இல் நகர மன்ற மாளிகையான பலாட்சோ தாக்கூர்சியோவில் மொராண்டி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது; 2012 முதல் அது அதே நகரின் ‘மாம்போ’ என்னும் நவீன ஓவிய அருங்காட்சியகத்துக்குள் இயங்குகிறது. ஃபொந்தாட்சா தெரு வீடும் 2009 முதல் பார்வைக்குத் திறந்திருக்கிறது. மேசைகளும் குப்பிகளும் அங்கே அணிவகுத்து நிற்கின்றன.

எண்ணெய் வண்ணப் படங்களைக் கடந்து எட்சிங் அச்சுகள் இருக்கும் பக்கம் முதலில் போகும்படி உங்களைக் கேட்டுக்கொள்வேன். உலோகத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும்படி செய்து, அந்தப் பள்ளத்தில் மையிட்டு அச்செடுப்பது எட்சிங். மொராண்டி ஏறத்தாழ 130 தகடுகளில் இதைச் செய்தார். அவரிடம் அங்கே இருப்பவை கோடுகள் மட்டுமே. நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்குவார், ஒளி வேண்டிய இடத்தில் விலக்குவார். வெள்ளைக் குப்பியின் வெண்மைக்காக அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதை அருகில் சென்று பாருங்கள்: சுற்றிலும் கோடுகள் அடர்ந்து நிற்க, குப்பி நிற்கவேண்டிய இடத்தில் தொடப்படாத காகிதம் இருக்கிறது.

அதன்பின், பணி ஓய்வு பெற்ற 1956க்குப் பிறகு அவர் அதிகமாக வரைந்த நீர்வண்ணப் படங்களுக்குச் செல்லுங்கள். நாலைந்து சாம்பல் நிறத் திட்டுகள், அவற்றுக்கு நடுவே வெறும் காகிதம். திட்டுகள்தான் பொருள்கள் என்று முதலில் எண்ணிவிடுவீர்கள். சில படங்களில் திட்டுகள் நிழலும் இடைவெளியும் மட்டுமே. நெடுக்கில் வரியோடும் அந்தப் பழைய வெள்ளைக் குப்பி, வரையப்படாத பகுதியில் நின்றுகொண்டிருக்கும்.